பதினோரு கிலோமீட்டர்

பகாவ் பெட்ரோல் நிலையத்தில் ஆறேகால்.
ஏழு வெள்ளிக்கு ஊற்றி, மூடியைத் திருகி,
பின்டயரை ஒருமுறை உதைத்துப் பார்க்கும்வரை
எந்த வழி என்று நான் முடிவு செய்வதில்லை.

கூடையில் எட்டு புட்டிகள்.
ஆலையின் எண்ணெய், ஆய்வுக்கூடத்துக்கு.
குலுங்கினால் கலங்கும், வெயில் பட்டால் நிறம் மாறும்,
பத்தரைக்குள் முவாட்சாமில் கையெழுத்து வாங்க வேண்டும்.

நெடுஞ்சாலை நேர்.
ஒன்பது மீட்டருக்கு ஒரு செம்பனை,
அதற்குப் பின்னால் ஒன்பது மீட்டரில் இன்னொன்று,
அடிக்கோல் வைத்து யாரோ நட்டுவிட்டு
கோலை எடுக்க மறந்துபோன மாதிரி சாலை.

மஸ்கட் பக்கம் லோரி ஓட்டும் தம்பி புவனேந்திரன்
படம் ஒன்று அனுப்பினான்: மணல், தார், மணல்.
'பார்க்க ஒன்றுமே இல்லை, பார்.'
நானும் எடுத்து அனுப்பினேன்: பச்சை, தார், பச்சை.
'என் படத்துக்கே சாயம் போட்டு அனுப்புகிறாயா?' என்றான்.
பால்மரம் நின்ற மண் பாலையாவதற்கு
ஓர் ஐகாரம் போதுமாயிருந்தது.
மழை பெய்யும் பாலை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

போன ஜூலையில், ஒரு திங்கள்,
முப்பத்தொன்றாம் கல்லைப் பார்த்தேன்.
அடுத்து நான் பார்த்தது நாற்பத்திரண்டு.
தூங்கவில்லை. சத்தியமாகத் தூங்கவில்லை.
கண் திறந்துதான் இருந்தது, கை முறுக்கிக்கொண்டுதான் இருந்தது,
ஒரு மரலோரியைக்கூட முந்தியிருக்கிறேன் போலும்,
கண்ணாடியில் அது சிறுத்துக்கொண்டிருந்தது.
அப்படியானால் ஓட்டியது யார்?
எட்டு புட்டியும் உடையாமல் கொண்டுபோனவள்
முகம் எப்படி வைத்திருந்தாள்?

மறுவாரத்திலிருந்து தோட்டத்து வழி.
இருபத்துமூன்று கிலோமீட்டர் கூடுதல்.
'நேர்வழி இருக்கும்போது ஏனம்மா சுற்றுகிறீர்கள்?'
சந்தியாகு கிராணி பேனா மூடியால் மேசையைத் தட்டுவார்,
பிறகு அதே பேனாவால் என் கணக்கை அடிப்பார்.
கூடுதல் பெட்ரோல் என் காசு.

செம்மண்ணில் ஏழாவது திருப்பத்தில் பாலம் என்று சொல்லி
இரண்டு பலகைகள். நடுவில் ஒரு சக்கரம் விழும் அளவுக்கு ஓடை.
உதிர்ந்த பழத்தின்மேல் ஏறினால் வண்டி நம்முடையதில்லை.
ஒரு வெள்ளை நாய், அதற்கு என் வலதுகால்தான் வேண்டும்.
ஒருமுறை யானைச் சாணம், இன்னும் ஆவி அடங்காமல்.
என்ஜினை அணைத்து அரைமணி நேரம் நின்றேன்,
ஓலை அசைந்தால் ஓலையா என்று கேட்டபடி.
அன்று புட்டிகள் தாமதம், ஏச்சு.
ஆனால் ஒரு நொடிகூட எங்கும் தொலையவில்லை.
எல்லாம் என்னிடமே இருந்தன.

தோட்ட வாசலில் சங்கிலி. தில் பகதூர் நோட்டை நீட்டுவார்.
பெயர், வண்டி எண், நேரம், துஜுவான்.
போகும் இடத்துக்கும் போகும் காரணத்துக்கும்
மலாயில் ஒரே சொல்.
'மக்மால்' என்று எழுதுவேன், அவர்களுக்குப் புரிய.
ஒருநாள் என்னவோ தோன்றி
'வளைவுகள்' என்று தமிழில் எழுதிவிட்டேன்.
நேபாளத்து மனிதர், எழுத்தின்மேல் விரலை ஓட்டி
சுழித்துச் சுழித்துப் போய்வந்து
'சந்தேக்' என்றார். அழகாம்.
சங்கிலியை இறக்கினார்.

இன்று மழை.
செம்மண் சக்கரத்தைப் பிடித்தால் விடாது.
நேர்வழிதான்.
கன்னத்தில் ஓர் அசாம்போய், புளிப்பு காதுவரை ஏற,
ஹெல்மெட்டுக்குள் எனக்கே கேட்கும்படி
கல் கல்லாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.
இருபத்தொன்பது.
முப்பது.
முப்பத்தொன்று.
இங்கேதான்.
முப்பத்திரண்டு.
முப்பத்திரண்டில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதே!
கூரையில் பாதி இல்லை. பஸ் வரும் சாயலும் இல்லை.
பலகையில் யாரோ மாட்டிவிட்டுப் போன
சிவப்புக் குடை ஒன்று, விரித்தபடி.
எத்தனை திங்கட்கிழமைகளாய்?
முப்பத்துமூன்று.