பதினான்காம் கேள்வி

காசிமேட்டில், ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு நடுவே
துளுக்காணத்திடம் பதினான்காம் கேள்வி:
நம்பிக்கையா, பழக்கமா?
படிவத்தில் இரண்டு கட்டம். ஒரு டிக்தான்.

அவர் விசைப்படகு இன்ஜினின் தலையில்
எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.
"கிளம்பணும் சார், அவ்ளோதான்."
போன மாசம் தர்காவில் கட்டிய கயிறு
மணிக்கட்டில் டீசல் குடித்துக் கறுத்திருந்தது.

'கருவிசார் சடங்கு' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'அச்சம்.'
அதையும் அடித்தேன்.

"உன்ன ஒண்ணு கேக்கவா சார்?
அந்த ரெக்கார்டரைப் போடும்போதெல்லாம்
மூணு தட்டு தட்டுறியே,
அது எந்தச் சாமிக்கு?"

பேட்டரி லூசு என்றேன்.

புது ரெக்கார்டர். வாங்கி
நாலு நாள்கூட ஆகவில்லை.
பழையதையும் அப்படித்தான் தட்டினேன்.

இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
இன்ஜின் பிடித்துவிட்டது.