ஏனையவை

குருமண்வெளியில் பாதை ஏறினேன்.
எங்களுக்குப் பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது.
ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல்
கடன் கோரிக்கை நாற்பத்தொன்றை
இன்னொரு தடவை வாசித்தேன்:
நேசமலர் தவராசா. பண்ணை, ஐந்து ஏக்கர்.
தேவை: தேனீப் பெட்டி அறுபது.
நோக்கம்: யானை.

யானை என்றொரு நோக்கத்தை
எங்கள் கணினி ஏற்றுக்கொள்ளாது.

பாலையடிவட்டையில் வழி கேட்டேன்.
"எருமை படுத்திரிக்கிற ரோட்டால போங்க."
படுத்துத்தான் இருந்தன.
ஹோன் அடித்தேன். ஒன்று மட்டும் காதை ஆட்டியது.
காதில் மஞ்சள் தகடு, தொடையில் சுட்ட குறி:
அரசாங்கத்துக்கு ஒரு பெயர், குடிக்கு ஒரு பெயர்.
இரண்டையும் சுமந்தபடி
அது அசைபோட்டு முடியும்வரை நின்றேன்.

படிவத்தில், மரங்கள் என்ற இடத்தில்
மூன்று கட்டங்கள்.
தென்னை. தேக்கு. ஏனையவை.
தென்னை பதினொன்று, தேக்கு இல்லை.
மறுகா அவள் நடந்தாள், நான் பின்னால்:
வீரை, விளா, பாலை, கொக்கட்டி,
குளக்கட்டில் மருது,
வேலி நீளத்துக்குக் கிளுவை, அதில் ஏறிய குறிஞ்சா.
களை என்று நான் மிதித்த கொடியைக்
குனிந்து எடுத்து வேலியில் போட்டாள்.
"முசுட்டை மிஸ். பகலைக்கு அதுதான் சுண்டல்."
ஏனையவைக்கு எதிரே
ஒரு அங்குலம் இடம் இருந்தது.

கொட்டிலில் மச்சாள் கோமளேஸ்வரி
பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தாள்,
தோளில் இடுக்கிய போனில்
கொழும்புக் கடையோடு சண்டை.
"நானூறெண்டா வேற ஆளப் பாருங்க."
விரல்கள் நிற்கவேயில்லை.
இயந்திரம் ஏதும் இருக்கா, கேட்டேன்.
இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.
போன் விழுந்தது.
"இல்லை" என்று எழுதினேன்.

வயல் ஓரத்தில் யானை அடி.
அதற்குள் தேங்கிய மழைத்தண்ணீர்,
அதற்குள் நாலு வால்தவளை.
பச்சைப்பெருமாளில் கால்வாசி போய்விட்டதாம்.
"வெடி போட ஏலும். போட்டா
முதல்ல வெருளுறது எங்கட எருமைதான்."
இப்போதைக்கு இருப்பது ஒரேயொரு தேனீப் பெட்டி.
"அத ஒரு யானை நம்பிட்டு மிஸ்.
மத்தது நம்பயில்ல."

விளாமரத்தடியில் இருந்து கூட்டினேன்.
அறுபது பெட்டிக்குக் காணாது,
இருபத்திரண்டுக்குக் காணும் என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஸ்கூட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.
"டயர் தேஞ்சிரிக்கு. லீசிங்கா?"
ஓம்.
"எத்தின மாசம் கிடக்கு?"
பதினேழு.
"வீடு?"
கல்முனையில். வாடகை.
"கைத்தொழில் என்னவும்?"
டைப் பண்ணுவேன்.
தலையை ஆட்டினாள்,
என்னையும் எங்கோ கூட்டி முடித்தவள் போல.

புறப்படும்போது
கால் வைக்கும் இடத்தில் ஒரு சட்டித் தயிரை இறக்கி
பன்கயிற்றால் கட்டினாள்.
காசை எடுத்தேன்.
"தயிர் சும்மா. சட்டி கடன்.
பதினஞ்சு நாளைக்குள்ள கொண்டரணும்."

எருமைகள் இப்போது ரோட்டின் மற்றப் பக்கம்.

பாதை நகர, வாவி நடுவில் காற்று எடுத்தது.
சட்டியைக் கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு
படிவத்தை மடியில் விரித்தேன்.
ஏனையவை: பின்பக்கம் பார்க்க.
பின்பக்கத்தில்
வீரையிலிருந்து முசுட்டைவரை எழுதினேன்.
கொக்கட்டிக்கு எந்தக் "க" என்று
பாதைக்காரரைக் கேட்டேன்.
அவர் தயிர் என்ன விலை என்று கேட்டார்.

இருபத்திரண்டை வெட்டி அறுபது போட்டேன்.
நோக்கத்தில் யானையை வெட்டி
விலங்கு வளர்ப்பு என்று எழுதினேன்.
தேனீயும் விலங்குதானே.
இல்லையென்று காட்ட
தலைமையகத்திலிருந்து யாராவது வரட்டும்,
எருமை படுத்திருக்கிற ரோட்டால்.