நாற்பத்தொரு சென்ட்

இன்றும் காசோலை வந்தது.
நாற்பத்தொரு சென்ட்.
உறையில் ஒட்டிய தபால்தலை அதைவிட விலை கூடுதல்.
பெறுநர் இடத்தில் பழைய பெயர்,
கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்காத பெயர்.

மறு ஒளிபரப்பு.
போர்ச்சுகலோ பிலிப்பைன்ஸோ,
எங்கோ ஓர் ஓட்டல் அறையில் தூக்கம் வராத யாரோ
தொண்ணூற்று மூன்றில் நான் எழுதிய
இருபத்திரண்டு நிமிடத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

பர்பாங்கில் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
ஒன்பது பேர், ஒரு வெள்ளைப் பலகை,
மதியம் வாங்கிய நூடுல்ஸ் இரவு பதினொன்றுவரை மேசைமேல்.
அழக் கூடாதென்று விதியில்லை.
அழுதால் யாராவது அதைக் காட்சியாக்கிவிடுவார்கள்,
அவ்வளவுதான்.
ஏப் லிஃப்ஷிட்ஸ் எந்த ஜோக்குக்கும் சிரித்ததில்லை.
"வேடிக்கைதான்" என்பார்,
எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர்
"கட்டிதான்" என்பதுபோல.

செத்துக்கொண்டிருக்கும் காட்சிக்கு
மூச்சு ஊதுவது என் வேலை.
ஒரு கதவைத் திற.
அங்கே நிற்கக் கூடாத ஆள் நிற்கட்டும்.
எனக்குத் தெரிந்த இலக்கணம் அது ஒன்றே.
என் கதவுக்குப் பின்னால் நின்றது யாரென்று
அந்த ஒன்பது பேரில்
எட்டுப் பேருக்குத் தெரியாது.

நாற்பத்தொரு சென்ட் அத்தியாயம் இது:
குழாய் பழுதுபார்க்கும் கேரி
மனைவியின் கவுனுக்குள் மாட்டிக்கொள்கிறான்.
ஜிப் இறங்கவில்லை.
கதவு திறக்கிறது. மாமியார்.
அரங்கில் முந்நூறு பேர்
பதினான்கு வினாடி சிரித்தார்கள்.
நடிகர் அசையாமல் காத்திருந்தார்.
ஏப் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அந்த ஜிப்பை எழுதியவள் நான்.
எந்த இடத்தில் அது துணியைக் கடிக்கும்,
இடது கை ஏன் எட்டாது,
மூச்சை உள்ளிழுத்தால் எத்தனை பல் நகரும்
எல்லாம் சரியாக இருந்தது.
உனக்கு எப்படித் தெரியுமென்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து ஏப்பிடம் தொலைபேசியில் சொன்னேன்.
நெடுநேரம் மௌனம்.
"இதில் ஜோக் எங்கே?"
இல்லை என்றேன்.
"சரி," என்றார், "முதல் வரைவுதானே."

பிறகு மூன்று வருடம் மணி அடிக்கவில்லை.
அடித்தபோது மரியாதையான குரல்:
உங்களைப் போன்ற ஒரு பெண் பாத்திரம் இருக்கிறது,
மிகவும் சோகமானது,
ஏழாம் பக்கத்தில் இறந்துவிடுகிறாள்.
நான் நகைச்சுவை எழுதுகிறவள் என்றேன்.
சிரித்தார்கள்.
அத்தனை நாளுக்குப் பின் கிடைத்த முதல் சிரிப்பு,
வீணாய்ப் போயிற்று.

வாடகைக்காக நீர்நாய்களுக்கு வசனம் எழுதினேன்.
கார்ட்டூன் நீர்நாய், தொப்பி வைத்தது, கடன்காரனுக்குப் பயந்தது.
அதன் முடிவில்தான் முதல்முறை வந்தது
ரோவீனா ஹால்வர்சன்,
ஒன்றரை வினாடி,
அதிலும் பாதியை சோப்பு விளம்பரம் தள்ளிவிட்டது.

மறுநாள் டுலூத்திலிருந்து அக்கா,
ஆறு வருடமாகப் பேசாதவள்.
"நம் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்கள்.
எழுதிக் கேள், விடாதே."
முதல் பெயரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பனி பெய்கிறதா என்று கேட்டேன்.
பெய்கிறது என்றாள்.

காசோலையில் பெயரை மாற்ற
சங்க அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு.
என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது,
ஓரம் மஞ்சளாகிவிட்டது.
மாற்றத்துக்கான காரணம் என்று கேட்டு
கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.

முதல் கோட்டுக்கு என்னிடம் வரி இருக்கிறது.
இரண்டாவதில்தான் சிரிப்பு வர வேண்டும்.
இன்னும் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.