கோழிக்கு ஐந்து பாட்டு

டொலிடோவில் ஜூலை ஞாயிறு.
பேருந்துப் பணிமனைக்குப் பின்னால்
டீசல் கறை ஊறிய சிமெண்டுத் தரையில்
பீப்பாயைப் பாதியாய் அறுத்துச் செய்த அடுப்பு.
கறிக்குப் பொறுப்பு தாடியஸ்.
பாட்டுக்குப் பொறுப்பு நான்.

போன வருடம் பாட்டு பொறுக்கியது டுவைட்.
ஒரே ஆளின் ரசனை, ஆறு மணி நேரம்.
நாலாவது மணியில் யாரோ
ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கி
உருளைக்கிழங்கு சாலடில் புதைத்துவிட்டார்கள்.
யாரென்று இன்றுவரை தெரியாது.
(எனக்குத் தெரியும்.)

அதனால் இம்முறை சீட்டு.
ஆளுக்கு மூன்று பாட்டு,
பழைய பயணச்சீட்டின் முதுகில் எழுத வேண்டும்.
மிளகாய்ச் சாறு தீர்ந்த ஜாடியைக் கழுவி வைத்தேன்.
கழுவியும் போகவில்லை.
வீட்டு மேசையில் கொட்டிப் பிரித்தபோது
கண் எரிந்தது.

கவால்சிக்குக்கு மூன்றுமே அக்கார்டியன்.
அவன் அப்பாவின் கல்யாண வாத்தியக் குழு வாசித்தவை,
ஒரே ஒரு கேசட்டில் மட்டும் இருப்பவை.
கேசட்டையும் ரப்பர் வளையம் சுற்றி
ஜாடிக்குள் திணித்திருந்தான்.
மாரிசோல் ஒரே பாட்டை மூன்று தடவை எழுதியிருந்தாள்,
மூன்றாவதில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.
பயிற்சிக்கு வந்திருக்கும் ஜேரன்
"டும் டும் டிஷ், டும், உங்களுக்கே தெரியும்" என்றான்.
தெரியாது.

தாடியஸ் பாட்டே கேட்கவில்லை.
கணக்கு எழுதியிருந்தான்:
கோழித் தொடை, ஐந்து பாட்டு, பிறகு திருப்பு.
சோளம், மூன்று.
விலா எலும்புக்கு நாற்பது,
அவசரப் பாட்டு ஆகாது, கறி விறைத்துக்கொள்ளும்.
கைக்கடிகாரத்தை என்றைக்கோ
தணலில் தவறவிட்ட மனிதன்.

சரிதான்.
நான் எழுதுவது பாட்டுப் பட்டியல் இல்லை,
அடுப்பின் கால அட்டவணை.
இருபது வருடமாய் அதுதானே சோறு போடுகிறது.
மெதுவானதை முன்னால் விட்டேன்.
வேகமானது பின்னால் வந்து முட்டாதபடி
இடைவெளி கொடுத்தேன்.
அக்கார்டியனை வெயில் சாய்ந்த பிறகு.

ஜாடியின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சீட்டு.
கரண்டியால் சுரண்டி எடுத்தேன்.
வெர்லீனின் கையெழுத்து:
"மூன்று நிமிடம். எதுவும் வேண்டாம்."

வெர்லீன் ஓட்டுவது
ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சிறைச்சாலை,
மறுபடி ஆஸ்பத்திரி.
யாராவது கயிற்றை இழுத்தால் மணி,
இழுத்ததை மறந்து இழுத்தால் இன்னொரு மணி.
சீட்டு சீட்டுதான்.
சேர்த்துவிட்டேன்.

அன்று அக்கார்டியன் ஒலித்தபோது
தாடியஸின் மனைவி டுவைட்டை இழுத்து ஆடினாள்,
கவால்சிக் மட்டும் ஆடவில்லை,
கேசட் எங்கே சிக்கிக்கொள்ளுமோ என்று
பக்கத்திலேயே குந்தியிருந்தான்.
அது முடிந்தது.
அடுத்தது வரவில்லை.

டுவைட் எழுந்து போய் ஒயரைப் பார்த்தான்,
பிறகு சாலடைப் பார்த்தான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
கொழுப்பு ஒரு சொட்டு தணலில் விழுந்தது.
பெட்டியில் பனிக்கட்டி இளகி இடம் மாறியது.
ஒரு குழந்தை சோளத்தைக் கடித்தது,
அந்தச் சத்தத்துக்கு அதுவே பயந்து நிறுத்தியது.
மாமீ ஆற்றுப் பக்கம் ஒரு படகு,
அது போன பின்னும் கரையைத் தட்டும் தண்ணீர்.
வெர்லீன் செருப்பைக் கழற்றி
பாதங்களைச் சிமெண்டில் வைத்து
வாய் லேசாய்த் திறந்தபடி
கடைசி நிறுத்தத்தில் அமர்வதுபோல் அமர்ந்திருந்தாள்.

பிறகு வாசனை.
இடுக்கியை ஏந்தியபடி தாடியஸ் நின்றான்.
கோழிக்கு நாலு பாட்டு ஆகியிருந்தது.
"இதை எண்ணணுமா, வேண்டாமா?"
யாருக்கும் தெரியவில்லை.

ஒரு பக்கம் கரியாகிப்போன தொடைகளைச்
சுரண்டிச் சுரண்டித் தின்றோம்.
வெர்லீன் இருப்பதிலேயே கறுத்த இரண்டை எடுத்துக்கொண்டாள்.
"இன்னொரு தடவை போடேன்."
பட்டியலில் இடமில்லை என்றேன்.

அடுத்து நான் ஊகித்து வைத்திருந்த டும் டும் டிஷ்.
"ஐயோ, இது இல்லை" என்றான் ஜேரன்,
ஆடிக்கொண்டே.