எட்டாயிரம் ஹெர்ட்ஸ்

சோஹார் துறைமுகச் சாலையில் பாலிகிளினிக்,
முதல் மாடி, சத்தம் புகாத அறை.
ஏசியை அணைத்துவிட்டுத்தான் உட்காரவைப்பேன்,
அதன் இரைச்சல் சோதனையைக் கெடுக்கும்.
ஜூலை மாதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பிச்சைக்கனிக்கு வியர்த்துக்கொண்டிருக்கிறது.

கிரேனுக்குக் கை காட்டுகிற ஆள்.
கம்பி கிழித்த முழங்கால் சீழ்வைத்து
எலும்பு வரைக்கும் போனது.
ஜென்டாமைசின் ஊசி, பதினான்கு நாள்.
கால் தப்பித்தது.
பேண்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார்,
கேட்டில் பதாக்கா காட்டுகிற மாதிரி.

"ஃபோர்க்லிஃப்ட் பின்னால வந்தா
பீப் பீப்னு கத்துமே சிஸ்டர்,
இப்பல்லாம் கத்துறதில்ல.
கம்பெனில கழட்டிட்டாங்களோ?"

கழற்றவில்லை.

மருந்து தேடிப்போனது கிருமியின் பட்டறையை.
புரதம் கோக்கும் இடத்தில், ஓர் இடுக்கில் உட்கார்ந்து
தப்புத் தப்பாய்க் கோக்கவைக்கும். கிருமி சாகும்.
அதே சாயலில் இன்னொரு பட்டறை
நம் செல்லுக்குள்ளேயே, மைட்டோகாண்ட்ரியாவில்.
அதுவும் ஒரு காலத்தில் கிருமிதான்.
நூறு கோடி வருடத்துக்கும் முன்னால் உள்ளே வந்து
கரண்ட் போடுகிற வேலைக்கு நின்றுவிட்டது.
ஊர் திரும்பவில்லை. யாரும் கேட்கவுமில்லை.
வீட்டு ஆள் என்றே நினைத்திருந்தோம்.
மருந்துதான்
பழைய முகஜாடையைக் கண்டுபிடித்தது.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை.
அம்மா வழியில் ஓர் எழுத்து மாறி வந்திருந்தால்
சிலருக்கு ஒரே ஊசி போதும்.
காதின் நத்தைச் சுருளில்
வாசலோரம் நிற்கும் மயிர்ச்செல்கள் முதலில் விழும்,
கீச்சுச் சத்தங்களுக்குக் காவல் நிற்பவை.
விழுந்தது மறுபடி முளைக்காது.

ஐந்நூறு. பொத்தானை அழுத்தினார்.
ஆயிரம். அழுத்தினார்.
நாலாயிரத்தில் தலையைச் சாய்த்து யோசித்தார்.
எட்டாயிரத்தில்
நான் எதையும் அனுப்பவில்லை.
அழுத்தினார்.
என் விரலைப் பார்த்துக்கொண்டே
இன்னொரு தடவை அழுத்தினார்.

காது போனால் பதாக்கா போகும்.
அப்புறம் ஒருவழி டிக்கெட்.
அது அவருக்கும் தெரியும்.
அந்தக் கம்பெனி அனுப்பும் ஆட்களால்தான்
என் பதாக்காவும் புதுப்பிக்கப்படுகிறது.

சிவப்பு வட்டங்கள், நீலப் பெருக்கல்கள்.
நாலாயிரம் வரை போட்டுவிட்டேன்.
அடுத்த கட்டத்தின்மேல் பேனா நின்றது,
மை ஒரு புள்ளியாய் ஊறுமளவு.

எழுந்துபோய் ஏசியைப் போட்டேன்.
பழைய மெஷின், உறுமிக்கொண்டு கிளம்பியது.

"கேக்குது சிஸ்டர்" என்றார்,
அவசரமாய், சிரித்தபடி,
பொத்தானை விடாமல்.