ஈரத்துக்குக் கழித்தது

கொழும்புக் கம்பனி தந்த டெப்லட்டில்
முப்பத்தொரு கேள்விகள்.
மஸ்கெலியாவுக்கு மேலே, மேட்டு டிவிஷன்,
பத்தாம் லயம், ஐந்தாவது காம்பிரா.
கதவைத் தெரிந்தெடுத்தது நானல்ல,
எங்கோ ஒரு கம்பியூட்டர் போட்ட குலுக்கல்.

சந்தனமேரி அப்போதுதான் வேலைவிட்டு வந்திருந்தாள்.
படங்குச்சாக்கை அவிழ்த்தபடியே
ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

நாளைக்கே தேர்தல் என்றால் யாருக்கு?

அவள் என்னைப் பார்க்கவில்லை.
எனக்குப் பின்னால் வாசலில் நின்று
பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த
சங்கத்துத் தலைவரைப் பார்த்தாள்.
“எல்லாரும் யாருக்குப் போடுறாங்களோ
அவருக்குத்தான் நாங்களும்.”

அப்படியொரு விடை திரையில் இல்லை.
ஒன்று முதல் ஆறு வரை கட்சிகள்.
தொண்ணூற்றெட்டு: தெரியாது.
விரலைக் கொண்டுபோகும் முன்னே
கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து
மூன்றைத் தொட்டது.
துடைத்தேன்.
துடைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாட்டின் பெரிய பிரச்சினை எது என்ற கேள்விக்கு
வாளியைக் காலால் நகர்த்தி
சொட்டுக்கு நேரே வைத்தாள்.

இரவு சுப்பர்வைசர் போனில் விளக்கினார்.
உங்கள் ஆட்கள் மாதிரியில் குறைவு,
ஆகவே ஒவ்வொருவரும்
ஒன்று தசம் எட்டு ஆளாகக் கணக்கு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
தராசடியில் ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒரு கிலோ என்று
கழித்தே பழகிய சனம்.
அம்மா அரைப்பேரோடு திரும்பிய நாட்களை
விரல்விட்டு எண்ண முடியாது.
முதன்முறையாக எங்களைக் கூட்டி எழுதுகிறார்கள்.

சனிக்கிழமை ஹட்டன் டவுனில்
சில்லறைக்கடை டிவியில் வர்ணக் கோடுகள்.
மலையகத்தில் மூன்றாமவர் முன்னால்,
ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.
திங்கட்கிழமை தலைவரின் சால்வை
நிறம் மாறியிருந்தது.
செவ்வாய் பிரட்டுக்களத்தில்
காற்று அந்தப் பக்கம் என்றார்கள்.
புதன்கிழமை லொறியில் தகரம் வந்தது.

பஸ்ஸில் சந்தனமேரியைக் கண்டேன்.
“நான் அன்னைக்கே சொன்னேன்ல,
எல்லாரும் போடுறவருக்குத்தான்னு.
அது யாருன்னு அப்பத் தெரியல,
இப்ப டிவியிலேயே சொல்லிட்டாங்க.”

தகரம் அடித்தாயிற்றா என்று கேட்டேன்.

“கோயிலடியில அடுக்கி
மழைபடாம மூடி வச்சிருக்காங்க.
எலெக்ஷன் முடியட்டுமாம்.”

அந்த வாரக் கூலியில்
எனக்கு நானூற்றைம்பது ரூபாய் பிடித்திருந்தார்கள்.
திரைக்குள் ஈரம் போயிருக்கிறதாம்.