செயப்பாட்டு வினை

'பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.'
பேர்ணாம்பட்டு இ-சேவை மையத்தில்
மை தீரப்போகும் பிரிண்டர் துப்பிய வாக்கியம்.
எட்டாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் வந்தது:
யாரால் என்று கேள்,
செய்தவர் வெளியே வருவார்.

கேட்டேன்.
முனைவர் பட்டத்துக்காகப் பதினான்கு மாதம் கேட்டேன்.

மையத்துச் சசிரேகா திரையைத் திருப்பிக் காட்டினாள்:
"சிஸ்டம் எடுக்கலைங்க."
தாலுகாவில் மேலே என்று விரல் நீட்டினார்கள்.
மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்தில்,
உதவியாளர் ஒருவர் டீ வரவழைத்துச் சொன்னார்:
"எங்களுக்கே பட்டியலாத்தான் வருது மேடம்.
சிவப்புன்னா சிவப்பு, பச்சைன்னா பச்சை."
நல்ல மனிதர்.
என் நான்காம் இயலில் அவருக்குப் பெயர்
'விருப்புரிமை இழந்த களநிலை அலுவலர்.'

கமருன்னிசா விஷயம் இவ்வளவுதான்:
ரேஷன் அட்டையில் கமர் நிஷா.
ஆதாரில் கமருன்னிஸா பி.
கணவரின் இறப்புச் சான்றிதழில் கம்ருனிசா பேகம்.
மூவரும் ஒருவர்தானா என்று ஒப்பிட்ட நிரல்
0.84 என்றது.
தேற 0.85 வேண்டும்.
விதவை உதவித்தொகை ஏப்ரலோடு நின்றது.

0.85ஐ வைத்தது யார்?
ஆகஸ்ட்டில் தொலைபேசியில் கிடைத்தான்,
ஒப்பந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்ட பையன்.
பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
"யாரும் வைக்கல மேடம். வரும்போதே அப்படித்தான் இருந்தது.
மாத்தணும்னு யாரும் சொல்லல."

காட்பாடி விடுதி அறையில் விடியும்வரை
அந்தப் பதிலை எங்கே வைப்பதென்று பார்த்தேன்,
முடிவுரையிலா, அடிக்குறிப்பிலா.
இரண்டாம் இயலின் ஓரத்தில்
நெறியாளர் ஹெப்சிபாவின் சிவப்பு மை:
"தரவு சேகரிக்கப்பட்டது. யாரால்?"

குடியாத்தத்தில் பஸ் மாறி மறுபடியும் போனேன்.
ஜன்னலை மூடியும் டேனரி வாடை ஏறிக்கொண்டது.
ஷூவின் மேல்தோலில் ஊசி இழுத்தபடியே கேட்டார்:
"உன் புத்தகத்துலயாவது என் பேரைச் சரியா எழுதுவியா?"

நெறிமுறைக் குழு சம்மதிக்காது என்றேன்.
உங்கள் பெயர் வராது,
நீங்கள் பங்கேற்பாளர் பதினேழு.
(கமருன்னிசா என்பதும் நான் வைத்ததுதான்.
பிழைகளின் எண்ணிக்கை மட்டும் அசல்.)

ஊசி நின்றது.
"அங்க பாயின்ட் எட்டு நாலு. இங்க பதினேழு.
ஏறிட்டேன்னு சொல்லு."
சிரித்துக்கொண்டே ஒப்புதல் படிவத்தை வாங்கி
வலமிருந்து இடமாக, உருதுவில்,
ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.
எனக்குப் படிக்கத் தெரியாது.

படிவம் இப்போது துறையின் இரும்பு அலமாரியில்.
ஐந்து ஆண்டு பூட்டி வைக்கப்பட்டு
பிறகு அழிக்கப்பட வேண்டும் என்பது விதி.

சாவி என்னிடம்.